சீட்டில் வந்த கட்சி

1

தாராவின் பள்ளிப் பையில், ஆப்பிள் துண்டு டப்பாவுக்கு அடியில், நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. நெதர்லாந்துக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. ஆனாலும் டச்சு மொழியில் அச்சடித்த தாள் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கெட்ட செய்தியாகத்தான் தோன்றும். பிறகுதான் படிப்பேன். வந்த புதிதில் குப்பை எடுக்கும் நாளை மாற்றியதாக நகராட்சி அனுப்பிய கடிதத்தை விசா ரத்து என்று நினைத்து ஒரு பெட்டி கட்டியவள் நான்.

இந்தத் தாள் அவ்வளவு மோசமில்லை. மகளுக்கு அடுத்த மாதம் 'ஸ்ப்ரேக்பெர்ட்' என்று எழுதியிருந்தார் வகுப்பு ஆசிரியை. சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். ஸ்ப்ரேக் என்றால் பேச்சு. பெர்ட் என்றால் முறை. ஒருவர் மாற்றி ஒருவருக்கு வருகிற முறை. கீழே விதிகள் இருந்தன. எனக்கு விதிகள் பிடிக்கும். மென்பொருள் சோதனை செய்பவளுக்கு விதிகள்தான் சோறு.

ஒன்று, பத்து நிமிடம் பேச வேண்டும். இரண்டு, எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. மூன்று, காட்டுவதற்கு ஏதாவது பொருள் கொண்டுவர வேண்டும். நான்கு, முடிவில் வகுப்பைப் பார்த்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஐந்து, தலைப்பைக் குழந்தையே தேர்ந்தெடுக்க வேண்டும், பெற்றோர் அல்ல. ஐந்தாவது விதிக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருந்தது.

பரிசு இல்லை. எதிர்க்கட்சி இல்லை. வகுப்பில் இருபத்தாறு குழந்தைகள். இருபத்தாறு பேருக்கும் ஒரு நாள் வரும்.

"பேச்சுப் பாடு!" என்றேன் சத்தமாக.

"பேசணுமா பாடணுமா? முதல்ல அதைச் சொல்லு," என்றார் கணவர். அவர் கோயம்புத்தூர்க்காரர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்கு நான் இதை மூன்று முறை விளக்கியிருக்கிறேன். உங்களுக்கும் ஒரு முறை விளக்கிவிடுகிறேன்.

2

பழவேற்காடு ஏரியில் இறால் எல்லா இடத்திலும் வராது. கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரத்தை ஒட்டிச் சில இடங்களில்தான் நன்றாக வரும். அந்த இடங்களில் கம்பு நட்டு, வலையைக் கட்டி, தண்ணீர் ஓடுகிற நேரம் பார்த்துப் பிடிக்க வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போனால் மண்டைதான் உடையும். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. அந்த முறைக்குப் பெயர் பாடு.

யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று வருடத்துக்கு ஒருமுறை குப்பத்தில் கூட்டம் போட்டுச் சீட்டு எடுப்பார்கள். நல்ல இடம் வந்தால் அந்த வருடம் வீட்டில் சிரிப்பு. சேறும் சகதியுமான இடம் வந்தால் முணுமுணுப்பு. ஆனால் வந்த இடத்தில் வலை கட்டித்தான் ஆக வேண்டும். "இவன் ஏன் போயும் போயும் அந்தச் சேத்துல வலை கட்டறான்?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சீட்டில் வந்தது, அவ்வளவுதான்.

சீட்டு எடுக்க வேண்டுமென்றால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பட்டியலில் ஆண்களின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

எங்கள் குப்பத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் கலங்கரை விளக்கப் பக்கத்துக் குப்பத்துக்காரர்களும், எதிர்க்கரைக்காரர்களும், எங்கள் ஊர்க்காரர்களும் தனித்தனியாக எனக்குப் போன் செய்து, நடந்தது அப்படியில்லை என்பார்கள்.

3

பிளஸ் ஒன் படிக்கும்போது எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். பொன்னேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தமிழம்மா கரும்பலகையில் தலைப்பை எழுதினார்.

'பெண்களின் பாடு தீருமா? தீராதா?'

வகுப்பே அசந்துவிட்டது. எங்கள் ஊரில் யாருமே வாயைத் திறந்து பேசாத விஷயத்தை இந்த அம்மா எழுத்தில் போட்டுவிட்டாரே! பெண்களுக்குப் பாட்டு உரிமை உண்டா இல்லையா என்ற வழக்கு தீருமா, தீராதா? நாங்கள் அப்படித்தான் படித்தோம். பெண்கள் படும் பாடு, அதாவது கஷ்டம், என்ற அர்த்தத்தில் அவர் எழுதியிருக்கக்கூடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் வேறு.

பேசத் தெரிந்தவர்கள் என்று வகுப்பில் இருந்தது இரண்டே பேர். நான் ஒருத்தி, கனகா ஒருத்தி. யார் எந்தக் கட்சி என்பதற்கு ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியில் இரண்டு சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார் தமிழம்மா. எனக்குத் 'தீராது' வந்தது. கனகாவுக்குத் 'தீரும்'.

"யாரும் எழுதிக் குடுக்க மாட்டேன். சொந்தமா யோசிச்சிப் பேசுங்க," என்று சொல்லிவிட்டார். அதுதான் வினை.

சொந்தமாக யோசித்தேன். அப்போதே எதையும் பட்டியல் போடுகிறவள் நான். ஐந்து பாயிண்ட் எழுதினேன்.

ஒன்று, பாடு என்பது ஏரியில் இறங்கிக் கம்பு நடும் வேலை. அது பெண்ணின் உடம்புக்கு ஆகாது. இரண்டு, பெண் கல்யாணமாகி வெளியூர் போவாள்; கூடவே பாடும் போய்விடும். மூன்று, சீட்டு எடுப்பது கூட்டத்தில். கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. நான்கு, பட்டியலில் பெயர் கூடினால் ஆளுக்கு வரும் நாள் குறையும். ஐந்தாவதாக ஒரு வீட்டுக்குள் வேலைப் பிரிவினை பற்றி ஒரு பத்தி எழுதி, நீளமாக இருக்கிறதே என்று வெட்டி, வெட்டி, கடைசியில் ஒரே வரியாக ஆக்கினேன்.

'வலை ஆணுக்கு, விலை பெண்ணுக்கு.'

மீன் பிடிப்பது அவன், விற்பது அவள். எதுகை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் பிறகு எஞ்சினியரிங் சீட் கிடைத்தபோதுகூட வரவில்லை.

விழா அன்று ஷாமியானாவுக்குக் கீழே குப்பமே உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் நைனா, அதாவது என் அப்பா, வெள்ளைச் சட்டையில். நடுவர் எங்கள் குப்பத்துத் தலைவர். நான் மைக்கைப் பிடித்து ஆரம்பித்தேன்: "பெண்களுக்குப் பாடு கிடையாது! இனி இருக்கவும் கூடாது!"

ஆண்கள் பக்கம் கைதட்டல். ஓரத்தில் நின்ற தமிழம்மாவின் முகம் மாறிவிட்டது. பெண்களுக்குக் கஷ்டமே கிடையாதாம்! "ஏய், நீ 'தீராது' கட்சிதானே? கட்சி மாறிட்டியா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். நான் கையைக் காட்டி அடக்கிவிட்டுத் தொடர்ந்தேன்.

அடுத்து கனகா. "இத்தனை காலம் ஆம்பளைங்க மட்டும் பாடு எடுத்தது போதும். எங்களுக்கும் பாடு குடுங்க! சமமாக் குடுங்க!"

"கஷ்டத்தையா கேக்கறா இவ?" என்று தமிழம்மா பக்கத்திலிருந்த கணக்கு சாரைக் கேட்டார். சார் உள்ளூர்க்காரர். விழுந்து விழுந்து சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

தீர்ப்பு என்னவாக இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாட்டுப் பட்டியலை வைத்திருக்கும் தலைவர், பெண்களுக்குப் பாடு வேண்டாம் என்று பேசியவளுக்கு முதல் பரிசு கொடுத்தார். ஒரு எவர்சில்வர் தூக்கு. இரண்டே பேர் பேசிய போட்டியில் கனகாவுக்கு இரண்டாம் பரிசு. சோப்பு டப்பா.

"அடிப்பாவி, நல்லாப் பேசினடி," என்றாள் கனகா. மனதாரத்தான் சொன்னாள். "கடைசில ஒண்ணு வுட்டே பாரு, வலை, விலைன்னு. அத்தோட என் கதை முடிஞ்சிச்சி."

4

போட்டிப் பேச்சுக்கு ஆயுள் மேடையிலிருந்து இறங்கும் வரைதான் என்று நான் நினைத்திருந்தேன். 'வலை ஆணுக்கு, விலை பெண்ணுக்கு' குப்பத்தில் தங்கிவிட்டது. மீன் ஏலம் போடும் இடத்தில் அதைச் சொன்னார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் சொன்னார்கள். ஒரு படகின் பின்பக்கத்தில் பெயிண்டில் எழுதியிருந்ததை நானே பார்த்தேன், எழுத்துப் பிழையோடு. "என் பொண்ணு சொன்னது," என்று நைனா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சென்னைக்குப் போனேன், வேலைக்குப் போனேன், இங்கே வந்தேன். இங்கே என் சனிக்கிழமைகள் நீச்சல் குளத்தில் கழிகின்றன. இந்த நாட்டில் குழந்தைகளை நீச்சல் டிப்ளமோ வாங்க வைத்துவிட வேண்டும் என்பது எல்லாப் பெற்றோருக்கும் எழுதாத சட்டம். பரீட்சையன்று முழு உடுப்போடும் ஷூவோடும் குளத்தில் குதிக்க வேண்டும். தண்ணீருக்கடியில் ஒரு தார்ப்பாயின் ஓட்டைக்குள் புகுந்து வர வேண்டும். அதற்குப் பெயர் ஏ டிப்ளமோ. பிறகு பி, சி.

நைனாவிடம் இதைப் போனில் சொன்னேன்.

"நீஞ்சறதுக்கு சர்ட்டிபிகேட்டா?"

"ஆமா நைனா."

"பெயிலாயிட்டா இன்னா செய்வான்? மறுபடி முழுகச் சொல்வானா?"

தாராவுக்குத் தாத்தாவைப் பிடிக்கும். ஆனால் அவர் பேசுவதில் பாதி புரியாது. இவள் பேசுவதில் முக்கால்வாசி அவருக்குப் புரியாது. ஸ்ப்ரேக்பெர்ட்டுக்குத் தாத்தாவின் பாட்டைப் பற்றிப் பேசேன், வகுப்பில் யாருக்கும் தெரியாத விஷயம் என்று அவளுக்கு ஆசை காட்டினேன். தாளை எடுத்து ஐந்தாவது விதியைக் காட்டினாள். கோடு போட்ட விதி.

"அம்மா, அதுக்குச் சீட்டு சொல்லணும், கம்பு சொல்லணும், எறா சொல்லணும். பத்து நிமிஷம் சொல்லியே போயிடும். நான் கினிப்பன்றி."

எங்கள் வீட்டில் கினிப்பன்றி கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாளைக்கு இரவல் வாங்கினோம்.

5

கினிப்பன்றி ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோதுதான் கனகா வீடியோவில் கூப்பிட்டாள். அவள் குப்பத்திலேயே இருக்கிறாள். வீட்டுக்கு ஒரே பெண். கல்யாணம் செய்துகொண்டவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் வெளியூர்க்காரர். அவருக்கு எங்கள் பட்டியலில் இடமில்லை. கனகாவின் அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் பெயரில்தான் அந்த வீட்டுக்குப் பாடு.

"எங்க நைனாவுக்கு முட்டி சுத்தமா மடங்கல ரேவதி. இந்த வருசக் கூட்டத்துல பேரை அடிக்கப் போறாங்க."

"பையன் இருந்தா பையன் பேருக்கு மாறும் இல்ல?"

"அதான். பையன் பேருக்கு மாறும்னா பொண்ணு பேருக்கு ஏன் மாறாதுன்னு கேக்கப் போறேன். கூட்டத்துலயே. தலைவரு ஒரு தபா பேசிக்கோன்னு சொல்லிக்கீறாரு."

எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து பேசியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

"அதுக்கு நான் இன்னா செய்யணும்?"

"நீ எதிர்க்கட்சி பேசு. அதான் உனக்கு நல்லா வருமே," என்றாள் சிரித்துக்கொண்டே. "அங்க இன்னா கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். நீ சொல்லிக் குடுத்த அஞ்சுதான் கேப்பாங்க. என்னைப் போட்டு அடி. ஒண்ணும் பாவம் பார்க்காத."

பாவம் பார்க்கவில்லை. சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்து, தலைவரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஏம்மா கனகா, ஏரியில எறங்கி வேலை செய்யப் பொம்பளையால முடியுமா?"

"கழுத்துத் தண்ணில நின்னு சேத்துல கைய வுட்டு எறா தடவுறது யாரு? உன் பொண்டாட்டியா என் புருஷனா?"

"பொண்டாட்டின்னு சொல்லாதடி, தலைவர் கோவிச்சிப்பாரு. நீ கல்யாணமாகிப் போயிட்டா?"

"போவல. புருஷனத்தான் இங்க இட்டாந்தேன்."

"கூட்டத்துல பொம்பள உக்காரக் கூடாதே?"

"உக்காரல. நின்னுக்கினுதான் பேசறேன்."

"பேர் கூடினா எங்களுக்கு நாள் கொறையுமே?"

"எங்கே கூடுது? ஒண்ணை அடிச்சி ஒண்ணை எழுதற. கணக்கு சாரைக் கேளு."

நான்கும் போயிற்று. நான் பதினாறு வயதில் பத்து நாள் உட்கார்ந்து எழுதியது நான்கு நிமிடத்தில் போயிற்று. பிறகு ஐந்தாவதைச் சொன்னேன்.

"அதுக்கு மட்டும் பதில் வரலடி. அது இன்னா, பாயிண்டா? எதுகை. எதுகைக்கு இன்னா பதில் சொல்றது?"

வேறொரு எதுகையால் அடிக்கலாம் என்று முயன்றோம். உலை, தலை, நிலை, அலை. எதைச் சேர்த்தாலும் கட்சி போஸ்டர் மாதிரி வந்தது. 'கம்பும் பெண்ணுக்கு, தெம்பும் பெண்ணுக்கு' என்று அவளே ஒன்று சொல்லி அவளே சிரித்துவிட்டாள்.

போனை வைக்கும் முன்பு குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. அது மட்டும் யார் வாயிலயும் வரக்கூடாது. ரெண்டு வருசமா நைனா பாட்டுல கம்பு நட்டது நான்தான்."

"நீயா?"

"விடியறப்போ, நைனா சட்டையப் போட்டுக்கினு, தலையில துண்டைக் கட்டிக்கினு. இவரு படகைப் புடிச்சிக்குவாரு. வெளிய தெரிஞ்சா முறை மீறினேன்னு சொல்லி, எழுதப் போற பேரையும் சேர்த்து அடிப்பாங்க."

அவளிடம் இருந்த பெரிய பாயிண்ட் அதுதான். அதைத்தான் அவள் சொல்ல முடியாது.

6

அங்கே சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கோயில் முன்னால் கூட்டம். இங்கே காலை பத்தரை. குளத்தின் ஓரத்தில், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், பெற்றோர் உட்காரும் காப்பிக் கடையில் நான் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாராவும் பதினைந்து குழந்தைகளும் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்கள். போன் அடித்தது.

"ரேவதி, ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன்." கனகாதான். "மாமாவே சொல்லிட்டாரு. உங்க நைனா. வலை ஆணுக்கு, விலை பெண்ணுக்குன்னு. படிச்ச பொண்ணு, பாரின்ல கீற பொண்ணு, என் பொண்ணே சொல்லிக்கீறான்னு. எல்லாரும் கை தட்டிட்டாங்க. அந்தப் பொண்ணையே கேட்டுடலாம்னு நான் சொல்லிட்டேன்."

போனைக் கோயில் மைக்குக்கு முன்னால் பிடித்துவிட்டாள். நான் "அலோ" என்றேன். ஒரு நொடி கழித்து என் 'அலோ' குப்பம் முழுவதும் சுற்றிவிட்டு என் காதுக்கே திரும்பி வந்தது. இந்தப் பக்கம், கண்ணாடியையும் தாண்டி, நீச்சல் வாத்தியாரின் விசிலும் குழந்தைகளின் கூச்சலும்.

"இன்னா சத்தம் அது, ரேவதிமா? கடலா?" யாரோ கேட்டார்கள்.

"இல்லண்ணா. நீச்சல் கிளாசு."

"நீஞ்சறதுக்கு கிளாசா!" கூட்டம் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு உதவியாக இருந்தது. மூச்சு விட நேரம் கிடைத்தது.

தலைவர் பேசினார். "ஏம்மா, அந்தப் பேச்சு நீ பேசினதுதானே? நான்தான் தூக்கு குடுத்தேன்."

"நான் பேசினதுதான் தலைவரே. அஞ்சு பாயிண்டும் நான் எழுதினதுதான். ஆனா அந்தக் கட்சி நான் கேட்டு வாங்கினது இல்ல. தமிழம்மா ஜியாமெட்ரி பாக்ஸ்ல சீட்டுப் போட்டாங்க. எனக்கு அது வந்துச்சு."

எனக்கு வேறெதுவும் தோன்றாததால் மேலே போனேன்.

"நைனா, போன வருஷம் உனக்கு மேட்டாண்ட வந்துச்சே ஒரு எடம், அது நல்ல எடம்னுதான் அங்க வலை கட்டினியா?"

"நல்ல எடமா? சேறு!" என்றது நைனாவின் குரல், மைக்குக்குத் தூரத்திலிருந்து.

"அப்போ ஏன் கட்டினே?"

"சீட்டுல வந்துச்சி, கட்டினேன்."

"எனக்கும் அதேதான் நைனா. சேறு வந்துச்சி, கட்டினேன். எனக்குத் 'தீரும்'னு வந்திருந்தா கனகாவை விடச் சத்தமா அதைப் பேசியிருப்பேன்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர். வெளியூர்க் கூட்டமாக இருந்தால் இதை ஒரு மணி நேரம் விளக்கியிருக்க வேண்டும். பேசியவள் வேறு, பேச்சு வேறு என்பதை ஆராய்ச்சியாகச் சொல்லியிருக்க வேண்டும். இவர்களுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. வருடா வருடம் சீட்டு எடுக்கிறவர்கள்.

"சரி," என்றார் தலைவர். "அது சீட்டுல வந்த கட்சி. இப்போ உன் சொந்தக் கட்சி இன்னா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. பள்ளியிலிருந்து இன்று வரை எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். எல்லாம் கொடுத்த பக்கம், எழுதிய பாயிண்ட். "கனகா பேரை எழுதணும்," என்றேன். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது நாக்கின் நுனியில் இருந்தது. அதைச் சொல்லக் கூடாது. "ஏன்னா..." என்றேன். என் 'ஏன்னா' குப்பத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. மறுபடி "ஏன்னா..." என்றேன்.

அப்போது நைனா மைக்குக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். அவர் மூச்சு கேட்டது.

"ஏன்னாவா? நான் சொல்றேன். ரெண்டு வருசமா அந்த வூட்டுப் பாட்டுல கம்பு நடுறது யாரு? ஒரு வருசம் எனக்குப் பக்கத்து எடம், ஒரு வருசம் எதிர் எடம். முட்டி மடங்காதவன் எப்டி எறங்கிக் கம்பு நடுவான்? அவன் சட்டை நடந்து போவுமா? நான் பார்த்துக்கினுதான் கீறேன்."

"மாமா!" என்று கனகா தடுப்பது கேட்டது. முடிந்தது, எழுதப் போகும் பெயரையும் அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"அப்போ ரெண்டு வருசமா முறை மீறி நடந்துக்கீது. நீ பார்த்துக்கினு சும்மா இருந்தியா?" தலைவரின் குரல் கடுமையாக இருந்தது.

"நான் மட்டுமா? நீ பார்க்கல? போன ஆடில அவகிட்டயே நெருப்புப்பெட்டி கேட்டு வாங்கினியே, பீடி பத்த வைக்க!"

இதற்கு வந்த சத்தத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "நானும் பார்த்தேன்" என்பது நான்கைந்து குரல்களில் கேட்டது. ஒருவர், "கம்பு ஸ்ட்ரெய்ட்டா நடுறாப்பா, அத்தச் சொல்லணும்," என்றார். பிறகு லைன் கட்டாகிவிட்டது.

கண்ணாடியைத் தட்டிக்கொண்டு தாரா நின்றிருந்தாள். ஓட்டைக்குள் புகுந்து வந்துவிட்டாளாம். நான் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். "பார்த்தியா?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். மறுபடி ஒருமுறை புகுந்து வந்தாள்.

7

இரண்டு மணி நேரம் கழித்துக் கனகாவின் செய்தி வந்தது. எழுதிவிட்டார்கள். நிபந்தனைகள் உண்டு, நானாகச் சேர்க்கவில்லை, அவர்களே வரிசையாகச் சொன்னது. ஆண் பிள்ளை இல்லாத வீட்டுக்கு மட்டும். முதலில் ஒரு வருடத்துக்கு. அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசுவார்கள். அவளும் மறுபடி நின்றுகொண்டே பேச வேண்டியிருக்கும். ஆனால் பட்டியலில் அப்பாவின் பெயரை அடித்து, அதற்கு மேலே 'கனகா' என்று எழுதியதை அவள் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அதே கூட்டத்தில் அவளே சீட்டும் எடுத்தாளாம்.

தாராவின் முறை வந்து போனது. கினிப்பன்றி மேசையின் மேல் ஒன்றுக்குப் போனதைத் தவிர எல்லாம் நன்றாக நடந்தது என்றார் ஆசிரியை. வீடியோவை நைனாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடமும் டச்சு. முழுவதும் பார்த்துவிட்டு, "நல்லாப் பேசறா. அது இன்னா, பெருச்சாளியா?" என்று கேட்டார். கூட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவருடைய பெருமைக்குரிய வரியை ஊர் கேட்க 'சேறு' என்று சொன்னவள் நான். அவர் மனதில் என்ன இருந்தது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

நேற்றுக் காலை கனகாவிடமிருந்து ஒரு குரல் செய்தி. அவள் சொந்தப் பெயரில் கட்டிய முதல் பாடு. ஏரிக் காற்று இரைந்தது. சீட்டில் வந்த இடத்தைத் திட்டித் தீர்த்தாள். பாசியாம், நண்டு வலையைக் கடிக்கிறதாம், இறால் ஒரு கைப்பிடிகூட இல்லையாம். இரண்டு நிமிடம் இப்படி. திடீரென்று பின்னாலிருந்து நைனாவின் குரல்.

"ஏ கனகா! உன் வலை என் எடத்துல வந்து நிக்கிது. ரெண்டு கம்பைப் புடுங்கி அந்தாண்ட நடு!"

"போன வருசமும் இவ்ளோ கிட்டத்தான் மாமா கட்டினேன். அப்போ ஒரு வார்த்த சொல்லலியே?"

"போன வருசம் உன்ன நான் பார்க்கவே இல்லியே, எப்டி சண்டை போடுறது? இப்போ பேரு எழுதியாச்சி. புடுங்கு!"